பழைய மரத்தரை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய வீட்டைப் புதுப்பிக்கையில் கிழிந்த தரைவிரிப்பை உரித்துப் போட்டால், அடியில் ஓக்கோ தேக்கோ மேப்பிளோ பலகைபலகையாகத் தெரியும். மேலே அழுக்கு, கறை, துருத்தி நிற்கும் ஆணிகள். உடனே தேய்ப்பு மெஷினை வாடகைக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். நல்ல தரைகள் பாழாவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். சத்தம், தொய்வு, இடைவெளி, வளைவு இவை எதுவும் தேய்த்தால் போகாது. அவற்றின் காரணம் பலகைக்கு அடியில் இருக்கிறது. தேய்த்துத் தள்ளிய மரமோ திரும்ப வராது. அதனால் இங்கே மெஷின் பாதிக்கு மேல்தான் வருகிறது: முதலில் அடித்தளம், பிறகு ஈரம், பிறகு கறை, அதற்கும் பிறகே உப்புத்தாள்.

இரண்டு சொற்களை முதலிலேயே சொல்லிவிடலாம். தரைப் பலகைக்குக் கீழே குறுக்காக அடித்திருக்கும் முரட்டுப் பலகை அல்லது ஒட்டுப்பலகை அடிப்பலகை. அதையும் தாங்கி நிற்கும் சட்டங்கள் தாங்குசட்டங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

கனம். பழைய கெட்டிமரப் பலகை வழக்கமாக 19 மி.மீ. கனம். பக்கவாட்டில் நாக்கும் காடியும் கோத்திருக்கும்: ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டி நிற்கும் நாக்கு, அடுத்த பலகையின் ஓரத்தில் உள்ள பள்ளமான காடிக்குள் நுழைந்திருக்கும். தேய்க்கக் கிடைக்கும் மரம் நாக்குக்கு மேலே உள்ள பகுதி மட்டுமே. புதிதில் அது 6 முதல் 8 மி.மீ. முழுத் தேய்ப்பு ஒன்று ஏறத்தாழ 1 மி.மீ. வரை தின்றுவிடும். வாசல் சட்டத்தையோ தரையிலுள்ள காற்றுத் துவாரத்தின் மூடியையோ கழற்றினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். அங்கே அளந்து பாருங்கள். நாக்குக்கு மேலே 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் டிரம் மெஷின் (சுழலும் உருளையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பது) கூடாது. காடியின் மேல் உதடு ஏற்கெனவே சிம்பு சிம்பாகப் பெயர்ந்திருந்தாலும், வரிசையாக ஆணித் தலைகள் பளிச்சென்று தெரிந்தாலும், அந்தத் தரை தன் பங்குத் தேய்ப்பை முடித்துவிட்டது என்று பொருள். சில பழைய வீடுகளில் 8 மி.மீ. மெல்லிய பலகையை மேலிருந்தே ஆணியடித்துப் பதித்திருப்பார்கள். அதற்கும் டிரம் ஆகாது. தட்டையான அதிர்வு மெஷினோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஈரம். ஊசிமுனை ஈரமானி ஒன்று கட்டாயம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் உள்ள அறையில் மரம் 6 முதல் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும்; காற்றில் 65 சதவீதம் இருந்தால் மரம் 12க்குப் போகும். எண் எவ்வளவு என்பதைவிட அது சீராக இருக்கிறதா என்பது முக்கியம். குளியலறைச் சுவரோரம் 14, அறை நடுவே 9 என்று காட்டினால் எங்கோ நீர் கசிகிறது. அடிப்பலகையையும் அளந்து பாருங்கள். அதற்கும் மேல் பலகைக்கும் இடையே 4 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் காயும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். 75 மி.மீ.க்கு மேல் அகலமான பலகைக்கு இந்த வரம்பு 2 சதவீதம்தான்.

பழைய பூச்சு எது. மறைவான மூலையில் ஸ்பிரிட் ஒரு துளி விடுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். இன்னொரு இடத்தில் தண்ணீர்த் துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெழுகாக இருக்கக்கூடும். டர்பன்டைன் நனைத்த வெள்ளைத் துணியில் துடைத்து மஞ்சளோ பழுப்போ ஏறினால் மெழுகுதான். இதை மறக்காதீர்கள், பின்னால் பூச்சு உரிவதற்கு இதுவே முதல் காரணமாக வரும்.

நஞ்சு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். லினோலியம், வினைல் ஓடுகளை ஒட்டிய கறுப்புத் தார்ப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இரண்டையும் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை அந்த அறையைத் தொடாதீர்கள். இருப்பது உறுதியானால் அதற்கு உரிமம் பெற்றவர்களை அழைக்க வேண்டும், அல்லது அப்படியே மூடிவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் இந்த ஒரு சோதனையில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

நடந்தால் கிரீச் என்று சத்தம் வருகிறது

இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசினால்தான் சத்தம் வரும். பலகையும் ஆணியும் உரசலாம், நாக்கும் காடியும் உரசலாம், அடிப்பலகை தாங்குசட்டத்தை விட்டு எழும்பி ஏறி இறங்கலாம். ஒருவர் மேலே நடக்க, இன்னொருவர் கீழே இருந்து கையை வைத்துப் பார்த்தால் எது அசைகிறது என்று தெரிந்துவிடும்.

சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மெல்லிய மர ஆப்பில் பசை தடவிக் கையால் தள்ளுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் ஆப்பு தரையைத் தூக்கிவிடும், சத்தம் அடுத்த சட்டத்துக்கு இடம் மாறும். இது அடிக்கடி நடக்கும் தவறு.

மேல் பலகை அடிப்பலகையை விட்டு விலகியிருந்தால் கீழிருந்து திருகாணி போடலாம். அடிப்பலகை 19, தரை 19, ஆக 38 மி.மீ. என்றால் 32 மி.மீ. திருகாணி சரி. முன்கூட்டியே துளை போடும்போது அடிப்பலகையில் மட்டும் திருகாணியின் தண்டைவிடச் சற்றுப் பெரிய துளையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மரை இரண்டு பலகையையும் அதே இடைவெளியோடு பிடித்து வைத்துக்கொள்ளும், இழுத்துச் சேர்க்காது. துளையிடும் அலகில் ஆழத்தைக் குறிக்க நாடா சுற்றிக்கொள்ளுங்கள். மேல் பலகையைத் துளைத்துக்கொண்டு முனை எட்டிப் பார்த்தால் அதை மறைக்க வழியில்லை. திருகும்போது ஒருவர் மேலே நின்று பலகையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கீழே போக வழியில்லாத மாடி அறையில் மேலிருந்துதான் செய்ய வேண்டும். தாங்குசட்டம் ஓடும் கோட்டைக் கண்டுபிடித்து, 2 மி.மீ. துளை போட்டு, இரண்டு ஆணிகளை ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்த்து அடியுங்கள். தலையை ஆணிப்பதிப்பானால் உள்ளே இறக்கிப் பட்டி வையுங்கள். நேராக அடித்த ஆணி நாளடைவில் மேலே எழும்பும், சாய்ந்தது பிடித்துக்கொள்ளும். பலகைக்குப் பலகை உரசும் மெல்லிய சத்தத்துக்கு டால்கம் பொடியை இடுக்கில் தூவி நடந்து இறக்கினாலும் கொஞ்ச காலம் அடங்கும். ஆனால் அதைப் பூச்சு அடிக்கப் போகும் தரையில் செய்யாதீர்கள். பொடி படிந்த இடத்தில் பூச்சு ஒட்டாது.

காலை வைத்தால் அமுங்குகிறது

அறையே ஊஞ்சல்போல் அதிர்ந்தால் சட்டம் மெலிது அல்லது இடைத்தூரம் அதிகம். சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் இறுக்கமாக அடித்தால் குறையும். ஓர் இடம் மட்டும் அமுங்கினால் அங்கே மரம் இற்றிருக்கிறது. குத்தூசியை அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், நெம்பினால் நீளமான சிம்பாகப் பெயரும். இற்ற மரத்தில் ஊசி மெத்தென்று இறங்கும், மரம் கட்டிகட்டியாக நொறுங்கும். ஈரத்தின் மூலத்தை அடைத்துவிட்டு, இற்ற பகுதியைத் தாண்டி நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். சட்டத்தின் நுனி போயிருந்தால் பக்கத்தில் அதே உயரத்துச் சட்டம் ஒன்றை இணைத்து போல்ட் போடுவது வழக்கம். சுவரைத் தாங்கும் இடமாக இருந்தால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் ஒரு சட்டத்தையும் அறுக்காதீர்கள்.

தட்டினால் வெற்றொலி, சட்டத்தின் மேல் மண்குழாய் என்றால் கரையான். பலகையில் 1 முதல் 3 மி.மீ. வட்டத் துளைகள், கீழே மைதாமாவுபோல் தூள் என்றால் உளுவண்டு. அது வைரம் பாய்ந்த சேகை விட்டுவிட்டு மாவுச்சத்துள்ள வெளிறுப் பகுதியைத் தின்னும். துளை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று ஆகாது. நூறாண்டுக்கு முந்தைய துளையாகவும் இருக்கலாம். தூளைப் பெருக்கிவிட்டுக் கீழே கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் மருந்தடிக்க வேண்டும், பூச்சு அடிக்கும் முன்பே. போரேட் மருந்து வெறும் மரத்தில்தான் ஊறும்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி

முதலில் பொறுத்திருந்து பார்க்க வேண்டிய கோளாறு இது. தட்டை அறுப்பு ஓக் பலகை, அதன் ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் ஏறக்குறைய 0.37 சதவீதம் மாறும். 57 மி.மீ. பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் 0.8 மி.மீ. சுருங்கும்; 125 மி.மீ. பலகையானால் 1.8 மி.மீ.க்கு மேல். வறண்ட பருவத்தில் எல்லா இடுக்கும் சம அளவில் திறந்து, ஈரமான பருவத்தில் மூடிக்கொள்கிறது என்றால் தரை நலமாக இருக்கிறது. அதை அடைக்கக் கூடாது. வறண்ட நாளில் கெட்டிப் பட்டி வைத்து நிரப்பினால், பலகை விரியும்போது பட்டியைப் பிதுக்கித் தள்ளும். பிதுக்க முடியாவிட்டால் பலகையே ஓரத்தில் நசுங்கும். அடுத்த வறட்சியில் இடைவெளி முன்னைவிடப் பெரிதாகும்.

ஆண்டு முழுதும் மூடாத இடைவெளிக்கு மட்டும் வேலை. 2 மி.மீ. வரை என்றால் பட்டி போதும். கடைசிக்கு முந்தைய தேய்ப்பில் விழும் மெல்லிய மரத்தூளை எடுத்து, அதற்கென விற்கும் பிசினில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, தரை முழுதும் இழுத்துப் பூசி, காய்ந்ததும் கடைசித் தாளால் தேய்த்துவிடலாம். அதே தரையின் தூள் என்பதால் நிறம் பொருந்தும். அதைவிடப் பெரிய இடைவெளிக்கு அதே மரத்தில் ஆப்புப்போல் இழைத்த மெல்லிய சீவலே சரி. ஒரு பக்கம் மட்டும் பசை தடவி இறக்குங்கள். இரண்டு பக்கமும் பசை வைத்தால் இரண்டு பலகைகள் ஒன்றாகி, சுருக்கம் முழுதும் வேறோர் இடுக்கில் போய்ச் சேரும். மிக அகலமான பழைய பலகைகளுக்கு நடுவே சணல் கயிற்றைத் திணிப்பதுண்டு. அது பலகையோடு சுருங்கி விரியும்.

ஐந்தாறு பலகைகள் ஒட்டிக்கொண்டு, அடுத்து ஒரு பெரிய பிளவு, மறுபடி ஐந்தாறு என்று இருந்தால் முன்பு அடித்த பூச்சு இடுக்கில் இறங்கி பலகைகளைப் பசைபோல் இணைத்துவிட்டது. மெல்லிய கத்தியால் இடுக்குகளைக் கீறிப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பலகை ஓடுபோல் குழிந்திருக்கிறது, அல்லது நடுவே மேடாக இருக்கிறது

ஓரங்கள் உயர்ந்து நடு குழிந்திருந்தால் பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது. அடிப்பக்கம் விரிகிறது, மேல்பக்கம் விரியவில்லை, பலகை வளைகிறது. கீழே ஈர மண் உள்ள தளம், கசியும் குழாய், எப்போதோ கொட்டி இடுக்கில் இறங்கிய தண்ணீர், இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: குழிந்த தரையைக் காயாமல் தேய்க்காதீர்கள். உயர்ந்த ஓரங்களைச் சீவிச் சமமாக்கினால் அன்றைக்கு அழகாக இருக்கும். அடிப்பக்கம் காய்ந்து பலகை நிமிரும்போது, சீவிய ஓரம் தாழ்ந்து நடுப்பகுதி முதுகுபோல் எழும்பும். நீங்கள் பார்க்கும் மேடான தரை இப்படி யாரோ அவசரப்பட்டதன் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டும், அதற்கு மரம் மிச்சம் இருக்க வேண்டும்.

கசிவை நிறுத்துங்கள். தரைக்குக் கீழே வெறும் மண் என்றால் அதன்மேல் 0.15 மி.மீ.க்குக் குறையாத பாலித்தீன் தாளை விரித்து, மடிப்புகளை நாடா போட்டு ஒட்டுங்கள். அறையில் ஈரமகற்றியும் மின்விசிறியும் ஓடட்டும். ஹீட்டரை நேராகக் காட்டி விரட்டிக் காயவைத்தால் மேல்பக்கம் இன்னும் சுருங்கி வளைவு கூடும், பலகை வெடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரே பத்து இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். எண்கள் இறங்குவது நின்று, இரண்டு வாரம் நிலையாக இருந்தால் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பலகைகள் தாமாகவே நிமிர்ந்திருக்கும். சில மாதங்கள்கூட ஆகலாம். எங்கள் எண்ணத்தில் புதுப்பிப்பு வேலை முழுவதிலும் காத்திருப்புக்கு இவ்வளவு பலன் தரும் இடம் வேறு இல்லை.

கறைகள்

வெள்ளை வளையம் பூச்சுக்குள்தான் இருக்கிறது, மரத்தில் இல்லை. அரக்கு, மெழுகு தரைகளில் ஈரம் சிக்கியதால் வருவது. மரத்தைத் தேய்க்க வேண்டாம். அரக்கானால் ஸ்பிரிட்டில் லேசாக ஈரமாக்கிய துணியால் ஒருமுறை இழுத்துத் துடைத்தாலே தெளியும்.

கறுப்பு அல்லது நீலக்கறுப்புக் கறை வேறு. ஓக் மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், தண்ணீர், ஆணியின் இரும்பு மூன்றும் சேர்ந்து பழைய காலத்து மைபோன்ற ஒரு பொருளை மரத்துக்குள்ளேயே உண்டாக்கிவிடுகின்றன. தேய்த்துப் போக்க முயன்றால் பள்ளம்தான் மிஞ்சும். இதற்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். பழைய பூச்சு முழுதும் போன வெறும் மரத்தில்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு லிட்டர் சுடுநீருக்கு 100 கிராம் படிகத்தைக் கரைத்து, கறையில் மட்டும் தடவாமல் அந்தப் பலகை முழுதும் தடவுங்கள். கறையில் மட்டும் தடவினால் வெளுத்த வட்டம் ஒன்று புதுக்கறைபோல் நிற்கும். இரவு முழுதும் காயவிட்டு, தேவையானால் மறுமுறை. பிறகு சுத்த நீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஒருமுறை, கடைசியாக மீண்டும் சுத்த நீர். மரத்தின் மேல் மிஞ்சும் வெண்படிகத்தைக் கழுவாமல் தேய்த்தால் அந்தத் தூசு மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், உடலுக்கு நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பின் எழும்பிய நாரை 120 நம்பர் தாளால் கையால் தேய்த்துவிடுங்கள்.

குளோரின் பிளீச்சுக்கு இந்த இரும்புக் கறை அசையாது. அதை ஆக்சாலிக் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீர் பல காலம் ஊறிய கறுப்புக் கறை இரண்டு முறை தடவியும் வெளுக்கவில்லை என்றால், பலகையை மாற்றுவதே குறைந்த உழைப்பு.

ஒரு பலகையை மட்டும் எடுத்து மாற்ற

மாற்றுப் பலகைக்கு அதே வீட்டின் சுவர் அலமாரிக்குள் இருக்கும் தரையைப் பாருங்கள். அதே மரம், அதே வயது, அதே அகலம். அலமாரிக்குள் புதுப் பலகை போட்டால் யாருக்கும் தெரியாது.

கெட்ட பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு வெட்டுகள். வட்டரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வையுங்கள். நுனிகளை உளியால் முடியுங்கள். நடுத்துண்டை முதலில் நெம்பி எடுத்தால் ஓரத் துண்டுகள் அக்கம்பக்கத்தைக் காயப்படுத்தாமல் வெளிவரும். மறைந்திருக்கும் ஆணிகளை அறுத்துவிடுங்கள். புதுப் பலகையின் காடியில் கீழ் உதட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, நாக்கை முதலில் நுழைத்து மறுபக்கத்தை மேலிருந்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அடியில் பசை, நுனிகளில் மேலிருந்து ஆணி. பல பலகைகளை மாற்றும்போது எல்லா முனைகளும் ஒரே கோட்டில் வந்து சதுர ஒட்டுப்போல் தெரியாமல், பக்கத்துப் பலகைகளின் முனைகள் குறைந்தது 150 மி.மீ. தள்ளித் தள்ளி வரும்படி கோத்துப் போடுங்கள்.

தேய்க்கும்போது வரும் கோளாறுகள்

தொடங்கும் முன் ஒவ்வோர் ஆணியையும் 3 மி.மீ. உள்ளே இறக்குங்கள். ஒரே ஓர் ஆணி தாளைக் கிழிக்கும். அதன் பொறி தூசுப்பையில் விழுந்தால் தீப்பிடிக்கும். பழைய பூச்சு கலந்த தூள் பைக்குள்ளேயே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வெளியே, மூடியுள்ள உலோகத் தொட்டியில் கொட்டுங்கள். இரவில் பையில் தூளை விட்டுவைக்காதீர்கள். என்95 முகக்கவசமும் காதடைப்பும் வேண்டும்.

தாள் நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. பழைய அரக்கோ மெழுகோ உராய்வுச் சூட்டில் உருகிப் பிசினாகிறது. மெல்லிய தாளில் தொடங்கியிருப்பீர்கள். 24 அல்லது 36 நம்பருக்கு இறங்குங்கள்; நம்பர் குறையக் குறையத் தாள் முரடு. மெழுகு தடிமனாக இருந்தால் முதலில் டர்பன்டைனில் துடைத்து எடுத்து, அது முழுதும் ஆவியான பிறகே மெஷின்.

அரைவட்டப் பள்ளம். டிரம் சுழலும்போது நின்ற இடத்தில் இறக்கியதால் வந்தது. நடை தொடங்கிய பிறகுதான் டிரம் தரையைத் தொட வேண்டும், நடை நிற்கும் முன் எழும்ப வேண்டும். ஆழம் குறைவென்றால் சுற்றியுள்ள பரப்பை ஒரு மீட்டர் தூரத்துக்குப் படிப்படியாகத் தேய்த்து மழுப்பலாம். பள்ளத்துக்குள்ளேயே தேய்த்தால் ஆழம்தான் கூடும்.

சம இடைவெளியில் அலைக்கோடுகள். மெஷினின் அதிர்வு மரத்தில் பதிந்திருக்கிறது. சக்கரத்தில் தூள் அப்பியிருக்கிறதா, தாளின் இணைப்பு மேடாக இருக்கிறதா, பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சரிசெய்துவிட்டு ஒரு படி முரடான தாளில் மரத்தின் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) 10 முதல் 15 டிகிரி சாய்வாக ஒருமுறை ஓட்டி, பிறகு ரேகையோடு நேராக. நேராகவே திரும்பத் திரும்ப ஓட்டினால் மெஷின் பழைய அலையிலேயே ஏறி இறங்கும்.

ஓரத்தில் சுழிச்சுழியாகக் கீறல். ஓர மெஷின் ரேகைக்குக் குறுக்காகவும் சுழல்வதால் வருவது. நடுத்தரைக்கு 40, 60, 80, 100 என்று ஏறியது போலவே ஓரத்துக்கும் ஒரு நம்பரையும் தாண்டாமல் ஏற வேண்டும். கடைசியில் கைச்சுரண்டியால் ரேகையோடு இழுத்து, அதிர்வு மெஷினில் முடியுங்கள். ஒவ்வொரு நம்பருக்கு இடையிலும் தரையை வெற்றிடக் குழாயால் உறிஞ்சுங்கள். முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு முரட்டு மணல், மெல்லிய தாளுக்கு அடியில் சிக்கி அறை நீளத்துக்குக் கோடு கிழிக்கும்.

கீறல் போய்விட்டதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. விளக்கைத் தரையோடு தரையாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழப் பாருங்கள். இப்போது தெரியாத கீறல் சாயம் ஏறியதும் கறுப்பாகத் தெரியும்.

சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது

மேப்பிள், பைன் மரங்கள் இயல்பிலேயே சாயத்தைச் சீராகக் குடிக்காது. அவற்றுக்கு நிறமேற்றாமல் விடுவதையே நாங்கள் விரும்புவோம். ஓக்கில் திட்டு வந்தால் தேய்ப்புதான் காரணம்: ஓரம் 100 நம்பர், நடு 80 நம்பர் என்று முடித்திருந்தால் அறையைச் சுற்றி வெளிறிய சட்டம் போட்டதுபோல் தெரியும். கடைசித் தாள் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சாயம் தடவும் முன் தரை முழுதையும் ஈரத்துணியால் சீராகத் துடைத்துக் காயவிட்டால் நார்கள் திறந்து நிறம் ஒரே ஆழத்தில் ஏறும். ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக விழுந்தால் அங்கே மட்டும் கருமை நிற்கும், ஆகவே துடைப்பதில் இடைவெளி கூடாது.

எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் விடும். குவியலுக்குள் அது வெளியேற முடியாமல் தானே தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோகத் தகரத்தில் மூழ்கடித்து மூடுங்கள்.

பூச்சில் வரும் கோளாறுகள்

ஒட்டுகிறது, காயவில்லை. குளிர், ஈரக்காற்று, கெட்டியாக அடித்த கோட், முந்தைய கோட் காயாமல் அடுத்தது, இவற்றில் ஒன்று. காற்றோட்டம் கொடுத்து 20 டிகிரிக்கு மேல் வைத்துச் சில நாள் பொறுத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். தேக்கில் காரணம் வேறு: அதன் இயற்கை எண்ணெய் பூச்சை இறுக விடாது. அடிக்கச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் கோட்டை அடியுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். கரைப்பான் வேலையின்போது அடுப்பு, ஹீட்டர், பைலட் சுடர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

நடுவே காலியான சிறு வட்டங்களாக விலகி நிற்கிறது. மெழுகோ சிலிக்கோனோ அங்கே இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் விலகும். காயவிட்டு, தேய்த்து, டர்பன்டைனில் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒரு கோட் கொடுங்கள். அது கீழே உள்ளதையும் மேலே வருவதையும் பிரித்து நிறுத்தும்.

தகடாக உரிகிறது. கோட்டுக்குக் கோட் உரிந்தால் நடுவே 220 நம்பர் தாளால் மங்கலாக்காமல் அடித்திருக்கிறார்கள். மரத்திலிருந்தே உரிந்தால் மெழுகு, எண்ணெய் அல்லது தூசு. உரிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் அக்கம்பக்கமும் பின்னால் உரியும். முழுவதையும் எடுத்துவிடுவதே வழி.

குமிழ்கள். டப்பாவைக் குலுக்கியிருப்பார்கள். கிளறித்தான் கலக்க வேண்டும். வெயில் நேராக விழும் தரையிலும் குமிழ் வரும், திரையை இழுத்துவிடுங்கள்.

நீர்ப் பூச்சு அடித்த ஓக்கில் கரும்புள்ளிகள். கோட்டுகளுக்கு இடையே இரும்புப் பஞ்சால் தேய்த்திருக்கிறார்கள். உதிர்ந்த இரும்பு நூல்கள் நீரோடும் டானினோடும் சேர்ந்து முன்னே சொன்ன கறையையே உண்டாக்கியிருக்கின்றன. நைலான் பட்டையை மட்டும் பயன்படுத்துங்கள்.

அளவுக்கு: ஒரு லிட்டர் பூச்சு ஒரு கோட்டில் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். 30 சதுர மீட்டர் அறைக்கு மூன்று கோட் என்றால் 9 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பாலியூரித்தேன் கோட்டுக்கு ஒரு நாள் கேட்கும். நீர்ப் பூச்சு சில மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகும். விரிப்பு போட முன்னதற்கு 30 நாள், பின்னதற்கு இரண்டு வாரம் வரை பொறுங்கள்.

தரை மங்கிவிட்டது, ஆனால் மரம் வெளியே தெரியவில்லை

நடைபாதைப் பகுதியில் தண்ணீர் ஒரு துளி விடுங்கள். முத்துப்போல் நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. சில நிமிடத்தில் அந்த இடம் கருத்தால் மரம் குடிக்கிறது. அங்கே முழுத் தேய்ப்பு தேவைப்படலாம். முதல் நிலையில் இருந்தால் டிரம் மெஷினைக் கூப்பிடவே வேண்டாம். மெழுகு இல்லை என்பதை மீண்டும் டர்பன்டைன் துணியால் உறுதி செய்துகொண்டு, தரையைக் கழுவித் துடைத்து, வட்டத்தட்டு மெஷினில் 150 நம்பர் வலைத்தாள் மாட்டி மேற்பரப்பை மட்டும் மங்கலாக்கி, தூசு உறிஞ்சி, ஒரே ஒரு புதுக் கோட் அடியுங்கள். மறைவான மூலையில் கைக்குட்டை அளவில் அடித்து ஒரு நாள் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகு முழு அறைக்கும் போகலாம். ஓர் அறைக்கு ஒரு பகல் வேலை. மரத்தில் ஒரு மி.மீ.கூடக் குறையாது. நடைபாதை மங்கத் தொடங்கும்போதே இதைச் செய்துவந்தால் நாக்குக்கு மேலே மிச்சமிருக்கும் அந்தச் சில மி.மீ. அடுத்து அந்த வீட்டில் வாழ வருபவர்களுக்கும் அப்படியே கிடைக்கும்.